இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே

மாதுங்கா,
18 ஜூன் 2024

ஷ்யாமளாவுக்கு,

இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

நீ டெம்போ கொண்டுவந்து நம் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போன அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணா கயிறு கட்டத் தெரியாமல் கட்டியதைப் பார்த்தேன், அப்போதும் சொல்லவில்லை. வண்டி உன் பெயரில் இருக்கிறது, உன் பேங்க் லோனில் வாங்கியது, எனவே உன்னுடையது. ஆனால் வாங்கிய நாளிலிருந்து அதைத் துடைத்தவன், ஆயில் மாற்றியவன், மழைக்கு மூடி வைத்தவன் நான். உன் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் உன் அண்ணா நாலு பேர் நடுவில் என்னை 'மௌனசாமி' என்று கூப்பிட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றியெல்லாம் இல்லை. அவை என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

முன்சக்கரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நம் வண்டியின் சத்தம் கேட்டது. எத்தனை வண்டிகளுக்கு நடுவிலும் அந்த எஞ்சினை எனக்குத் தெரியும். கூடவே இன்னொரு சத்தமும் வந்தது. கிரைண்டரில் அரிசியோடு ஒரு கல்லும் சேர்ந்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கரகரப்பு. யாருக்கோ விற்றுவிட்டாய், வாங்கியவன் பராமரிக்கத் தெரியாதவன் என்று நினைத்துத் திட்டுவதற்குத் தயாரானேன். வண்டி சிக்னலில் வந்து நின்றது. ஓட்டியது நீ.

ஹெல்மெட் போட்டிருந்தாய். இருந்தாலும் கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு முழங்கையால் அதை இடுக்கிக்கொள்பவர் உன்னைத் தவிர யாரும் இல்லை. நீ என்னைப் பார்க்கவில்லை. பச்சை விழுந்து கிளம்பியபோது ஹேண்டில் நடுங்கியது. நீ அதை இறுக்கிப் பிடித்தாய். இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடத்தான் செய்யும்.

உனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்கப் போவதும் இல்லை. அந்தச் சக்கரத்தோடு ஓட்டாதே. சத்தம் எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று எழுது. போன் வேண்டாம். போனில் நாம் பேசிய எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை.

இப்படிக்கு,
எஸ். பஞ்சாபகேசன்

•

செம்பூர்,
24 ஜூன் 2024

நமஸ்காரம்.

உறையின் பின்னால் உங்கள் பெயரைப் பார்த்ததும் விவாகரத்து நோட்டீஸ் என்றே நினைத்தேன். வக்கீலுக்குப் பணம் கொடுக்க மனசு வராமல் நீங்களே எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிரித்தேன். பிரித்தால் முன்சக்கரம்!

வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமானதிலிருந்து நீங்கள் எனக்குச் சொன்னதில் இதுதான் மிக நல்ல வாக்கியம். எனக்கு மேனேஜர் பதவி வந்திருக்கிறது என்று ஒரு தீபாவளிக்கு முதல் நாள் வந்து சொன்னேன். உங்கள் கம்பெனியில் உங்களை விட்டுவிட்டு உங்களுக்குக் கீழே இருந்தவரை மேலே ஏற்றிய அதே வாரம். அன்றைக்கு மூடிய வாயைப் பொங்கல் வரைக்கும் நீங்கள் திறக்கவில்லை. உப்பு வேண்டுமானால்கூட எழுந்து போய் எடுத்துக்கொண்டீர்கள். மாட்டுப் பொங்கலன்று நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தக் கதையை விடுங்கள். நானும் அதைப் பற்றி எழுத உட்காரவில்லை.

கற்றுக்கொடுத்தது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆகையால் சொல்கிறேன். கீழ் வீட்டில் மெஹக் என்று ஒரு பெண். கூரியர் கம்பெனியில் வேலை, நாள் முழுக்க பைக்தான். பெற்றவர்களுக்குத் தென்காசிப் பக்கம். அவளுக்குத் தமிழும் இந்தியும் ஒரே வாக்கியத்தில் வரும். "ஆன்ட்டி, டரோ மத், பயப்படாத, க்ளச்ச ஆஹிஸ்தா விடு, மெதுவா... அய்யோ, விட்டுட்டியே!" என்று கத்துவாள். மூன்று முறை விழுந்தேன். ஒரு முறை காய்கறி வண்டி மேல்.

எதற்கு இந்த வயதில் என்று உங்களுக்குத் தோன்றும். புடவை கட்டிக்கொண்டு உங்கள் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து எத்தனை வருஷம் போயிருக்கிறேன்! எப்போதும் இடது பக்கம் பார்த்துத்தானே உட்கார வேண்டும். அப்படியே இந்தப் பம்பாயை நான் இடது பக்கமாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வலது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. அவ்வளவுதான்.

சத்தம் ஜூன் முதல் மழையிலிருந்து. காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் நின்றதே, அன்று அதில்தான் வந்தேன். முன்சக்கரத்தில் பாதி முழுகியது. முப்பதைத் தாண்டினால் ஆரம்பிக்கிறது. நாற்பதில் ஹேண்டில் 'இல்லை இல்லை' என்று தலையாட்டுகிறது.

பரணில் ஒரு கோணல் சக்கரம் வைத்திருந்தீர்களே, சயன் ரோட்டில் பள்ளத்தில் விழுந்து வளைந்தது? காயலான் கடைக்குப் போடுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அது இன்னும் இருக்கிறதா?

இன்னொன்று. எஸ். பஞ்சாபகேசன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் பேங்கில்தான் வேலை பார்க்கிறேன். ஆனாலும் இது செக் இல்லையே?

ஷ்யாமளா

•

மாதுங்கா,
29 ஜூன் 2024

ஷ்யாமளாவுக்கு,

பரணில் சக்கரம் இருக்கிறது. நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

தண்ணீரில் விட்டது தப்பு. சொல்லிப் பயனில்லை. சோதனைகளை எழுதுகிறேன், ஒவ்வொன்றாகச் செய். ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதே. நம்முடைய ஊர் மெக்கானிக்குகள் செய்யும் தப்பு அதுதான். எங்கள் கம்பெனியில் புதிதாக மேலே ஏறியவர்கள் செய்வதும் அதுதான். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இத்தனை வருஷம் இருந்தவன் சொல்கிறேன்.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் சத்தம் வரும் வேகம் வரைக்கும் போய் க்ளச்சைப் பிடித்துக்கொள். எஞ்சின் அடங்கிய பிறகும் கரகரப்பு தொடர்ந்தால் அது சக்கரத்திலிருந்து வருகிறது. சிமென்ட் ரோட்டில் ஒரு மாதிரியும் தார் ரோட்டில் வேறு மாதிரியும் இருந்தால் டயர். எந்த ரோட்டிலும் ஒரே சத்தம் என்றால் உள்ளே இருக்கிறது. வண்டி லேசாக ஒரு பக்கம் சாயும்போது கூடி, மறுபக்கம் சாயும்போது குறைந்தால் பெரும்பாலும் பேரிங்.

பிறகு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடு. பின் சீட்டை யாராவது அழுத்தினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, இன்னொரு கையை, சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேல் வை. காதை நம்பாதே, கையை நம்பு. உள்ளே மணல் அரைபடுவது போல இருந்தால் கையில் தெரியும். அடுத்து டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கையாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டு. டக் டக் என்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் இழு. அதில் ஆட்டம் இருந்தால் கோளாறு சக்கரத்தில் இல்லை, மேலே ஹேண்டில் திரும்பும் இடத்தில். சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவரால் தட்டு. எல்லாம் கிணிங் என்று பேச வேண்டும். பேசாத கம்பி தளர்ந்திருக்கிறது.

பின்னால் அழுத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும். பாரமான ஆளாக இருந்தால் நல்லது. அப்படி யாரும் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

இன்ஷியலை எடுத்துவிட்டேன்.

பஞ்சாபகேசன்

•

செம்பூர்,
9 ஜூலை 2024

நமஸ்காரம்.

பாரமான ஆள் யார் என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெஹக் ஏறி உட்கார்ந்தாள். முன்சக்கரம் அசையவில்லை. அவள் ஒரு குடை கனம்தான் இருப்பாள். மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்த அவளுடைய அம்மா அக்தர் பானுவையும் கூப்பிட்டோம். "ஏம்மா, பாரமான ஆளு வேணும்னுதான் என்னைய கூப்ட்டியளா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். முன்சக்கரம் ஜம்மென்று எழுந்து நின்றது. மெஹக் சிரித்த சிரிப்பில் சக்கரம் சுற்றும் சத்தமே கேட்கவில்லை. நீங்கள் சொன்னபடி காதை விட்டுவிட்டுக் கையை வைத்தேன். உள்ளே மணல் அரைபட்டது.

மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். டக் டக் என்று ஆடியது. ஃபோர்க்கில் ஆட்டம் இல்லை. க்ளச்சைப் பிடித்தாலும் சத்தம் நிற்கவில்லை. தார், சிமென்ட் எல்லாவற்றிலும் ஒரே சத்தம். வலது பக்கம் சாய்ந்தால் கூடுகிறது. கம்பிகள் எல்லாம் பேசின. ஒன்றே ஒன்று மட்டும் பேசவில்லை. அதற்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், வைத்தது மெஹக்.

தாராவியில் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் பேச்சிராஜா என்பவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். தொண்ணூறடி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நீங்கள் எழுதிய கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "எக்கா, இவ்வளவும் யாரு எழுதுனது? வாத்தியாரா?" என்றார். வீட்டுக்காரர் என்றேன். "அப்பொ அவரு ஏன் கூட வரல?" என்று கேட்டார். மழை என்று சொல்லி வைத்தேன்.

இரண்டு பேரிங்கும் துருப்பிடித்துப் போயிருந்தன. புதிது போட்டுக் கொடுத்தார். வண்டி பட்டுப் போல ஓடுகிறது. இந்த ஐம்பது வயதில் எனக்கு யாரும் இவ்வளவு உதவியாக ஒரு கடிதம் எழுதியதில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நீங்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? மெஸ்ஸா?

ஷ்யாமளா

•

மாதுங்கா,
15 ஜூலை 2024

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு,

மெஸ்தான். சாம்பாரில் வெல்லம் போடுகிறான். வேண்டாம் என்று சொல்லி அலுத்துவிட்டேன். இப்போது ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறேன். அவனையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

பேசாத கம்பிக்கு என் பெயர் வைத்தது பற்றி எனக்குக் கோபம் இல்லை. அதை முறுக்கச் சொன்னாயா? அரைச் சுற்றுக்கு மேல் முறுக்கினால் சக்கரம் வேறு பக்கம் கோணும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

மார்க்கெட் வெற்றிலைக்காரன் உன்னை விசாரிக்கிறான். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று, "எந்த ஊரு சார், இவ்ளோ நாளு?" என்று கேட்டான். செம்பூர் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு வெற்றிலை கூடப் போட்டான். எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை, உனக்குத்தான். வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை.

வண்டி கீழே நின்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நம் கட்டடத்து சொசைட்டி செக்ரட்டரி அதை வேறு யாருக்கோ கொடுக்கப் பார்த்தான். இரண்டு மீட்டிங்கில் சண்டை போட்டுத் தடுத்திருக்கிறேன். வண்டியே இல்லாதவருக்கு இடம் எதற்கு என்று கேட்கிறான். அது என் விஷயம் என்றேன்.

பேரிங் மாற்றிய பிறகு ஒரு முறை முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். ஓட்டுகிறவருக்குச் சில சத்தங்கள் கேட்காது, காற்று அடித்துவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெளிவாகக் கேட்கும். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், நான் பின்னால் உட்கார்ந்து கேட்டுச் சொல்லலாம். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி ஒரு சுற்று போதும். நான் ஒரு பக்கமாக உட்கார மாட்டேன்.

சௌகரியம் இருந்தால் மட்டும்.

பஞ்சு

•

செம்பூர்,
27 ஜூலை 2024

நமஸ்காரம்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி நீங்கள் எழுதியிருந்ததை நாலைந்து முறை படித்தேன். ஒரு பக்கமாக உட்கார மாட்டேன் என்று எழுதியிருந்த இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அக்தர் பானு மாடியேறி வந்து என்னவென்று கேட்டார். வருகிறேன் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இரண்டு விஷயம் நடந்துவிட்டது.

ஒன்று, சத்தம் திரும்பி வந்துவிட்டது. முன்பைவிட மோசம். பேச்சிராஜாவிடம் கொண்டுபோனேன். அவர் அச்சு நட்டை நன்றாக முறுக்கினார். முறுக்கினால் சக்கரம் கையால் சுற்றவே மாட்டேன் என்கிறது, சுற்றினால் உறுமுகிறது. நட்டைத் தளர்த்தினால் லேசாகச் சுற்றுகிறது, ஆனால் ஆடுகிறது. "எக்கா, டைட்டு வச்சா சத்தம், லூசு வச்சா ஆட்டம். ரெண்டுல எது வேணும்னு சொல்லுங்க" என்கிறார். புது பேரிங் டூப்ளிகேட்டாக இருக்குமோ என்று கழற்றி வேறு ஜோடியும் போட்டுப் பார்த்தார். அதே கதை. வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று கேட்டேன். "உள்ள ஒரு கொழா துருப்பிடிச்சுச் சும்மா கெடந்துச்சு. அத அப்பவே வீசிட்டேன்க்கா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். உங்களுக்குப் புரிகிறதா பாருங்கள்.

இரண்டாவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மறைத்தால் இன்னும் தப்பு. எனக்கு நாசிக்கில் சீஃப் மேனேஜர் பதவி கொடுத்திருக்கிறார்கள். ஒப்புக்கொண்டுவிட்டேன். செப்டம்பர் முதல் வாரம் சேர வேண்டும். சாமானை டெம்போவில் அனுப்பிவிட்டு நான் வண்டியில் போகலாம் என்று இருக்கிறேன். மெஹக் அவளுடைய வண்டியில் கூட வருகிறாள். கசாரா மலைப்பாதையில் மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் அருவி விழுமாம். இரண்டு பக்கமும்!

அதற்கு முன்சக்கரம் சரியாக வேண்டும். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபைவ் கார்டன்ஸும் உண்டு, நீங்கள் விரும்பினால். பதில் எழுதுங்கள்.

ஷ்யாமளா

•

செம்பூர்,
19 ஆகஸ்டு 2024

பஞ்சு,

உங்கள் பெயரை எழுதிவிட்டேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லிச் சொல்லி, ரேஷன் கார்டு ஆபீசில்கூட உங்கள் பெயரை மற்றவரை விட்டுச் சொல்லச் சொன்னவள் நான். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்ததில் யாருக்கு என்ன கூடிற்று?

மூன்று வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. முதலில் தபால் தாமதம் என்று நினைத்தேன். பிறகு உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து, போன சனிக்கிழமை மாதுங்காவுக்கு வந்தேன். ரயிலில்தான் வந்தேன். மாடி ஏறவில்லை. வெற்றிலைக்காரரிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காரும்மா. தெனமும் வராரு. வெத்தல மட்டும் வேணாங்கறாரு" என்றார். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

இது அதே மௌனம்தான். தீபாவளிக்கு ஆரம்பித்துப் பொங்கலுக்கு முடிந்ததே, அது. எனக்குப் பதவி வந்தால் உங்களுக்குப் பேச்சு நின்றுவிடும்.

நீங்கள் எதை எடுத்தாலும் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் விடுகிறவர் இல்லை. சக்கரத்தில் என்ன கோளாறு என்று என் கடிதத்தைப் படித்த அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் எழுதாமல் இருக்கிறீர்கள். எழுதிவிட்டால் நான் போய்விடுவேன், அதனால்தானே? சக்கரம் சரியாகாவிட்டால் போகமாட்டேன் என்று நினைத்தீர்களா? பஞ்சு, நான் செப்டம்பர் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்புகிறேன். ஆடினால் ஆடட்டும். மெதுவாகப் போவேன். மலைப்பாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். ஆனால் போவேன்.

நீங்கள் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு நான் வந்திருப்பேன். அதைத் தெரிந்துகொள்ளுங்கள். வெற்றிலை ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதற்கே வந்திருப்பேன். நாசிக் ஒன்றும் அமெரிக்கா இல்லை, ரயில் இருக்கிறது என்றுகூட யோசித்தேன். இப்போது யோசிக்கவில்லை. பேசாத மனிதருடன் நான் ஒரு முறை வாழ்ந்து பார்த்துவிட்டேன்.

இதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை.

ஷ்யாமளா

•

மாதுங்கா,
23 ஆகஸ்டு 2024

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு,

இதனோடு ஒரு சின்னப் பார்சல் வரும். விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய் அதற்குள் இருக்கிறது. துருவைத் தேய்த்து எடுத்து, கிரீஸ் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றியிருக்கிறேன். பரணில் இருக்கும் கோணல் சக்கரத்திலிருந்து எடுத்தது. இத்தனை வருஷமாக அதைத் தூக்கிப் போடச் சொன்னாய். நான் பத்திரப்படுத்திய எத்தனையோ விஷயங்களில் இது ஒன்றுதான் யாருக்காவது பயன்பட்டிருக்கிறது.

பேச்சிராஜா வீசியது இதைத்தான். அவன் பேரில் தப்பில்லை. பார்க்கிறவர்களுக்கு அது சும்மா கிடப்பது போலத்தான் தெரியும். சக்கரத்தின் நடுவில் இந்தப் பக்கம் ஒரு பேரிங், அந்தப் பக்கம் ஒரு பேரிங். நடுவில் இந்தக் குழாய். அச்சு இதற்குள் நுழைந்து போகிறது. நட்டை முறுக்கும்போது இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படும். குழாய் இருந்தால் அதில் முட்டி நின்றுவிடும். எவ்வளவு முறுக்கினாலும் அதற்கு மேல் நெருங்காது. இரண்டும் அதனதன் இடத்தில் இருந்து லேசாகச் சுற்றும். குழாய் இல்லாவிட்டால் நெருங்கிக்கொண்டே போய் உள்ளே இருக்கும் குண்டுகளை நசுக்கும். அதுதான் நீ கேட்ட உறுமல். நசுங்கக் கூடாது என்று தளர்த்தினால் ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் ஆடும். அவன் போட்ட பேரிங்கெல்லாம் நல்ல பேரிங்தான், ஆனால் நசுங்கியிருக்கும். புது ஜோடி போடச் சொல்.

ஒரு பக்கத்துப் பேரிங்கை முழுதாக அடித்து உட்கார வைத்த பிறகு குழாயை உள்ளே நிறுத்த வேண்டும். அப்புறம்தான் மறுபக்கத்துப் பேரிங். அடித்து முடிப்பதற்குள் குழாய் சரிந்துவிடும். அச்சை உள்ளே விட்டு நேராகப் பிடித்துக்கொண்டே அடிக்கச் சொல். நட்டை முழு பலத்துடன் முறுக்கட்டும், பயப்பட வேண்டாம். முறுக்கிய பிறகு சக்கரம் ஒரு விரலால் தள்ளினாலே சுற்ற வேண்டும். அக்தர் பானுவை உட்கார வைத்து மறுபடி பார். கையை வைத்துப் பார். மணல் இருக்கக் கூடாது.

உன் போன மாதக் கடிதம் வந்த அன்றே கோளாறு என்ன என்று எனக்குத் தெரிந்தது. நீ எழுதியது சரி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

சீஃப் மேனேஜர் ஆனதற்கு என் வாழ்த்து. இரண்டு பதவிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாசிக் ரோட்டில் டயர் காற்றை அளவுக்கு மேல் வைக்காதே, மழையில் வழுக்கும். ஷாப்பூர் தாண்டியதும் ஒரு முறை நிறுத்தி முன்சக்கரத்தின் நடுவைத் தொட்டுப் பார். கை வைக்கக்கூடிய சூடாக இருந்தால் சரி. மலைப்பாதையில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதே. ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதே. அது தானாக நேராகப் போகும், விட்டால்தான் போகும்.

இடது பக்கத்தை மட்டும் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து யோசிக்கிறேன். நான் எந்தப் பக்கத்தையும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வழிவிடவில்லை என்பதைத்தான் நினைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் நீ ஏதாவது சொல்வாய். காற்றில் கேட்காது. ம் என்பேன். என்ன சொன்னாய் என்று ஒரு முறைகூட வண்டியை நிறுத்திக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அங்கே பார் ஒரு மரம், இங்கே பார் ஒரு கல்யாண ஊர்வலம் என்று ஏதாவது சொல்லியிருப்பாய். இப்போது அவை என்ன என்று உனக்கும் நினைவிருக்காது.

வெற்றிலை கறுத்துவிட்டது. நேற்று புதிதாக வாங்கினேன். கீழே வண்டி நிற்கும் இடத்தை செக்ரட்டரி கேட்டால் கொடுத்துவிடலாம் என்று நினைத்துப் போனேன். கொடுக்காமல் திரும்பி வந்தேன். அது இருந்துவிட்டுப் போகட்டும். நீ அதற்காக எதுவும் செய்ய வேண்டாம்.

நீ கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். நீ அந்த வழியாகப் போக வேண்டியதில்லை, செம்பூரிலிருந்து நாசிக் போக அது வழியும் இல்லை. சும்மா நிற்பேன். சத்தம் வராது என்பது நிச்சயமாகத் தெரியும். குழாய் சரியான அளவு, அளந்துதான் அனுப்புகிறேன்.

கடிதத்தின் அடியில் என்ன போடுவது என்று யோசித்துப் பார்த்தேன். இன்ஷியலோடு ஒரு பெயர் இருக்கிறது, இன்ஷியல் இல்லாமல் ஒன்று, சுருக்கமாக ஒன்று. எதைப் போட்டாலும் அதற்கு முன்னால் 'உன்' என்று ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தையைப் போடும் உரிமை இப்போது என்னிடம் இல்லை. உன் கடிதத்தின் தலைப்பில் உன் கையெழுத்தில் என் பெயர் இருக்கிறது. உறையின் மேல் எழுதுவது தபால்காரருக்கு. என்னைக் கூப்பிட நீ எழுதி நான் பார்த்தது அது ஒன்றுதான். அதற்குக் கீழே என் கையால் மறுபடி எழுத மனசில்லை. கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.